பூட்டும் சாவியும் ஒரே கோப்பில்

தரவுத்தள மென்பொருளில் ‘கடவுச்சொல்லைச் சேமி’ என்ற கட்டத்தில் டிக் போட்டுவிடுகிறோம். மறுநாள் அது எதுவும் கேட்காமல் சர்வருக்குள் நுழைந்துவிடுகிறது. அப்படியென்றால் அந்தக் கடவுச்சொல் நம் கணினியில் எங்கோ உட்கார்ந்திருக்கிறது. எந்த வடிவத்தில்?

சர்வருக்கு உண்மையான கடவுச்சொல் தேவையே இல்லை. வருபவருக்கு அது தெரியுமா என்று சோதித்தால் போதும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில், 2017இல் வந்த 10ஆம் பதிப்பு முதல் கிடைக்கும் ஸ்கிராம் என்ற சோதனை முறையில், கடவுச்சொல்லோடு ஒரு தற்செயல் மதிப்பைச் சேர்த்து, விடையிலிருந்து பின்னோக்கிப் போக முடியாத ஒருவழிக் கணக்கை வழக்கமாக 4096 முறை ஓட்டி, அதிலிருந்து பெற்ற மதிப்புகளை மட்டுமே சர்வர் வைத்துக்கொள்கிறது. நம் கணினியில் உள்ள மென்பொருளுக்கு அந்த வசதி இல்லை. அது ஒவ்வொரு முறையும் கடவுச்சொல்லை எடுத்துப் பயன்படுத்தியாக வேண்டும். ஆகவே மீட்கக்கூடிய வடிவில்தான் சேமிக்க முடியும்.

மறையாக்கம் செய்தால், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவிட்டால், போயிற்று என்று தோன்றும். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்துடன் வரும் ஒரு கருவி அதைத்தான் செய்கிறது. அது எழுதும் கோப்பைப் பைட் பைட்டாகப் பிரித்துப் பாருங்கள்: முதல் 4 பைட்டுகள் வெறுமை, அடுத்த 20 பைட்டுகளில் சாவி, அதன் பின்னால் 128 பிட் ஏஇஎஸ் என்ற மறையாக்க முறையில் பூட்டிய விவரங்கள். கோப்பை எடுத்தவர் கையில் சாவியும் வந்துவிடுகிறது! தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பவரை இது தடுக்கும். கோப்பை நகலெடுத்துச் செல்பவரைத் தடுக்காது. சில மென்பொருள்களில் சாவி நிரலுக்குள்ளேயே பொதிந்திருக்கும், எல்லாப் பிரதிகளிலும் ஒரே சாவி. பயனருக்கு இதைச் சொல்லாமல் ‘மறையாக்கம் செய்யப்பட்டது’ என்று மட்டும் அறிவிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடவுச்சொற்களைப் பூட்டி வைக்க இயங்குதளமே தரும் சாவிப் பெட்டகம் இதைவிட மேல். அதன் பூட்டு நம் உள்நுழைவுக் கடவுச்சொல்லோடு பிணைந்திருப்பதால், காப்பு நகலில் சிக்கிய கோப்பு மட்டும் திருடனுக்கு உதவாது. ஆனால் நாம் உள்நுழைந்திருக்கும் நேரத்தில், நம் பெயரில் ஓடும் தீய நிரல் பெட்டகத்திடமே கேட்டு வாங்க வழியுண்டு. நம் கணினியில் சேமிக்கும் கடவுச்சொல்லை வெற்று எழுத்தாகவே கோப்பில் வைக்கும் போஸ்ட்கிரெஸ், இதில் வெளிப்படையாக நடந்துகொள்கிறது: யூனிக்ஸ் வகைக் கணினிகளில் அந்தக் கோப்பை உரிமையாளர் தவிர மற்றவர்களும் படிக்க முடிந்தால், அதைப் பயன்படுத்தவே மறுத்துவிடும்.

சேமிக்காமலேயே கசியும் இடங்களும் உண்டு. கட்டளை வரியில் கடவுச்சொல்லை ஒட்டி எழுதினால், இயங்கும் நிரல்களின் பட்டியலில் மற்றப் பயனர்களும் அதைப் பார்க்கக்கூடும். மைஎஸ்க்யூஎல் நிரல் தொடங்கியதும் அந்த எழுத்துகளை அழித்து எழுதுகிறது. அதற்கு முன் ஒரு கணம் திறந்தே கிடக்கிறது. நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லின் வரலாற்றுக் கோப்பிலும் அந்த வரி தங்கிவிடும். போஸ்ட்கிரெஸில் புதிய கடவுச்சொல்லை எஸ்க்யூஎல் கட்டளையாகவே தட்டினாலும் இதே கதைதான். சர்வரின் பதிவேட்டிலும் அது அப்படியே ஏறக்கூடும். போஸ்ட்கிரெஸின் கட்டளை வரி நிரலான பிஎஸ்க்யூஎல்லின் ‘பாஸ்வேர்ட்’ கட்டளை கொடுத்தால், ஒருவழிக் கணக்கு நம் கணினியிலேயே முடிந்து, அதன் விடை மட்டும் சர்வருக்குப் போகிறது.