ஊசி போடாத கோழி என்ற பெருமை

இந்த மாசி மாதத்தில் இதே காரணத்துக்காக நான் போன ஐந்தாவது வீடு அது. புழக்கடையில் அறுபதுக்கு மேல் கோழி வைத்திருந்த அந்த அம்மாவிடம், நான் போன காலையில் ஒன்பதுதான் மிஞ்சியிருந்தன. அவற்றிலும் இரண்டு, கழுத்து முறுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தன. மகளிர் குழுவில் கடன் வாங்கி, பஞ்சாரம் பஞ்சாரமாக அடை வைத்து, இரண்டு ஆண்டுகளில் பெருக்கிய கோழிகள் ஆறே நாட்களில் போய்விட்டன. இறந்த பறவை ஒன்றை அறுத்துப் பார்த்தபோது முன் இரைப்பையின் உட்சுவரெங்கும் சிவந்த இரத்தப் புள்ளிகள் இருந்தன. தடுப்பு மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டேன். "நாங்க ஊசியே போடறதில்லைங்க டாக்டர். ஊசி போடாத கோழின்னுதான் டவுன்ல இருந்து வந்து முட்டை வாங்கிட்டுப் போறாங்க" என்றார். அழுதுகொண்டு சொன்னபோதும் அந்தச் சொல்லில் பெருமை இருந்தது. என் கோபமெல்லாம் அந்தப் பெருமையை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் மேல்தான்.

நோய் வெள்ளைக்கழிச்சல். இராணிக்கெட் நோய் என்றும் சொல்வோம். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1926-27-இல் அடையாளம் காணப்பட்ட அதே நச்சுயிரி (வைரஸ்), அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இமயமலைப் பகுதி ஊரான இராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் நம் நாட்டில் அந்த ஊரின் பெயர் நிலைத்துவிட்டது. கோழி தூங்கி வழியும், இரை எடுக்காது, பச்சையும் வெள்ளையுமாக நீர்த்துக் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும். தப்பிப் பிழைப்பவற்றில் சிலவற்றுக்குக் காலும் இறக்கையும் விழுந்துவிடும். தடுப்பு மருந்து பெறாத கூட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு சாவது எங்களுக்குப் புதிய செய்தி அல்ல. இதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. தடுக்கும் மருந்து மட்டுமே உண்டு.

அந்தத் தடுக்கும் மருந்தையும் சேர்த்துத்தான் "ஊசி" என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டோம். நகரத்தில் இருந்து முட்டை வாங்க வருபவர் "ஊசி போட்டீங்களா?" என்று கேட்கும்போது அவர் மனத்தில் மூன்று வெவ்வேறு பொருள்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. முதலாவது, கோழியைப் பருக்க வைக்கும் ஹார்மோன் ஊசி. இது பெரும்பாலும் கற்பனை. கறிக்கோழி ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எடை வருவது பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுத்து இனச்சேர்க்கை செய்ததாலும், கணக்கிட்டுக் கொடுக்கும் தீவனத்தாலும்தான். ஒவ்வொரு கோழியையும் பிடித்து ஹார்மோன் ஏற்றிக்கொண்டிருந்தால் எந்தப் பண்ணையும் கட்டுப்படியாகாது. இரண்டாவது, பாக்டீரியாக் கிருமிகளைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக். இதைப் பற்றிய அச்சம் நியாயமானது, பின்னால் வருகிறேன். மூன்றாவது, தடுப்பு மருந்து. வலுக் குறைக்கப்பட்ட நச்சுயிரியை ஒரு சொட்டு கொடுத்து, கோழியின் உடலே எதிர்ப்பாற்றலை உருவாக்கிக்கொள்ளச் செய்வது மட்டுமே இதன் வேலை. நம் வீட்டுக் குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுத்ததால் அந்தக் குழந்தை "இயற்கையாக வளராத குழந்தை" ஆகிவிட்டதா? கோழிக்கு மட்டும் ஏன் அப்படி நினைக்கிறோம்? குஞ்சுப் பருவத்தில் கண்ணில் விட்ட சொட்டு, ஆறு மாதம் கழித்து அது இடும் முட்டையில் எந்த நஞ்சாகவும் வந்து சேர்வதில்லை. மாறாக, தடுப்பு மருந்து பெற்ற தாய்க்கோழி தன் எதிர்ப்பொருள்களை மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்குக் கொடுக்கிறது. குஞ்சின் முதல் சில நாட்களுக்கு அதுவே காவல்.

"நாட்டுக்கோழிக்கு இயற்கையிலேயே எதிர்ப்புச் சக்தி உண்டு" என்ற வாதத்தை வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். வெயிலையும் குறைந்த தீவனத்தையும் நாட்டுக்கோழி நன்றாகத் தாங்கும், உண்மைதான். ஆனால் வெள்ளைக்கழிச்சல் பெருவிடை, சிறுவிடை, அசில், கருங்கோழி என்று இனம் பார்ப்பதில்லை. "எங்க பாட்டி காலத்துல ஊசியா போட்டாங்க?" என்று கேட்பவர்கள், அந்தப் பாட்டியிடமே கேட்டிருந்தால் ஒவ்வொரு கோடையிலும் ஊர்க் கோழியெல்லாம் சீக்கில் போன கதையைச் சொல்லியிருப்பார். நோய் வந்து போன கூட்டத்தில் மிஞ்சும் நான்கைந்து கோழிகளுக்கு அந்நோயாலேயே எதிர்ப்பாற்றல் வந்திருக்கும். அடுத்த ஓராண்டு நோய் எட்டிப் பார்க்காது. நம் கோழிக்கு இயற்கைச் சக்தி என்று நாமும் நம்பிவிடுவோம். அதற்குள் புதிதாகப் பொரித்த குஞ்சுகள் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் வளர்ந்து கூட்டத்தில் பெரும்பான்மையாகிவிடும். சந்தையில் இருந்து ஒரு சேவல் வந்தால் போதும், மறுபடியும் அழிவு. அன்று பாட்டிக்கு இழப்பு ஐந்தாறு கோழி; இன்று கடன் வாங்கி அறுபது, நூறு என்று வைத்திருப்பவருக்கு இழப்பு ஓராண்டு வருமானம்.

இனி ஆன்டிபயாட்டிக் விஷயம். தடுப்பு மருந்தை வேண்டாம் என்று சொன்ன அதே வீடுகளில், கோழி சாகத் தொடங்கிய இரண்டாம் நாள் மருந்துக்கடையில் இருந்து வாங்கிய மாத்திரையும் பொடியும் தண்ணீரில் கரைந்துகொண்டிருப்பதை நான் பார்க்கிறேன். நச்சுயிரிக்கு அந்த மருந்து பயன்படாது. ஆனால் முட்டைக்குள் போய்ச் சேர்வது அதுதான். வாங்குபவர் எதற்கு அஞ்சி "ஊசி போட்டீங்களா" என்று கேட்டாரோ அது, ஊசி போடாத வீட்டின் முட்டையில் இருக்கிறது. உணவுக்கு வளர்க்கும் உயிரினங்களில் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை மத்திய அரசு 2019-இல் தடை செய்ததன் காரணம், இப்படிக் கண்டபடி கொடுப்பதால் மனிதர்களைக் காக்க வேண்டிய கடைசி மருந்துகளும் பலனிழந்து போவதுதான். மருத்துவர் எழுதித் தராத ஆன்டிபயாட்டிக்கைக் கோழித் தண்ணீரில் கலக்காதீர்கள். எழுதித் தந்திருந்தால், எத்தனை நாள் முட்டையை விற்கக் கூடாது என்று கேட்டு, அத்தனை நாளும் விற்காதீர்கள். கீழாநெல்லி, மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம் அரைத்துக் கொடுப்பதை நான் தடுப்பதில்லை. தடுப்பு மருந்துக்கு அது மாற்று என்று மட்டும் எண்ண வேண்டாம்.

செய்ய வேண்டியது கடினமே அல்ல. அடைக்கு வைக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. கோடையில் மூன்று நான்கு நாளுக்குள் வைத்துவிடுங்கள். முட்டையைக் கழுவாதீர்கள். ஒரு கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு போதும், ஏழாம் நாள் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்துக் கூமுட்டையை எடுத்துவிடுங்கள். இடிக்குப் பயந்து கூடையில் இரும்பும் மிளகாயும் வைப்பவர்கள் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் 21 நாளில் குஞ்சு பொரிந்த அன்றே நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அன்றிலிருந்து ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு எஃப் வகைத் தடுப்பு மருந்து. நான்காம் வாரத்தில் அதே நோய்க்கான லசோட்டா வகைத் தடுப்பு மருந்து. எட்டாம் வாரத்தில் இறக்கைத் தோலின் அடியில் ஆர்2பி வகைத் தடுப்பு ஊசி. இந்த ஆர்2பி சற்று வீரியமானது. அவசரப்பட்டுச் சின்னக் குஞ்சுக்குப் போட்டால் மருந்தே நோயாகிவிடும், முட்டையிடும் கோழிக்குப் போட்டால் சில நாட்கள் முட்டை குறையும். ஆகவே முட்டைக்கு வருமுன் போட்டுவிட வேண்டும். அதன்பின் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதை உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"குப்பியில் நூறு கோழிக்கான மருந்து இருக்கிறது, என்னிடம் இருப்பதோ பன்னிரண்டு" என்பது உண்மையான சிக்கல். கரைத்த மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மறுநாளைக்கு வைக்க முடியாது. தெருவே ஒன்றுசேர்ந்து ஒரே காலையில் கொடுப்பதுதான் வழி. தை, மாசியில் கால்நடைப் பராமரிப்புத் துறை நடத்தும் இருவார முகாமில் இது இலவசமாகவே கிடைக்கிறது. மருந்தும் தொலைவில் இருந்து வருவதில்லை, 1932 முதல் இயங்கும் இராணிப்பேட்டைக் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் தயாரிப்பது. மருந்தைப் பனிக்கட்டியோடு எடுத்துப் போங்கள். சட்டைப் பையில் வைத்து, வெயிலில் வண்டி ஓட்டிப் போய்க் கொடுத்த மருந்து வெறும் தண்ணீர். பிறகு "ஊசி போட்டும் செத்துப்போச்சு" என்று ஊரெல்லாம் சொல்வார்கள். ஏற்கெனவே நோய் புகுந்த கூட்டத்துக்கு அவசரமாக ஊசி போடுவதும் பயனற்றது.

தீவனத்தில் அதிகம் சொல்வதற்கில்லை. பூஞ்சை பிடித்த மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் எதிர்ப்பாற்றலையே குலைத்துவிடும், தடுப்பு மருந்து பிடிக்காமல் போகும். மாட்டுக்கு ஆகாததைக் கோழிக்குக் கொட்டாதீர்கள். முட்டையிடும் கோழிக்குக் கிளிஞ்சல் தூள் வையுங்கள். தடுப்பு மருந்துக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்குங்கள்.

ஒரு கோழி தூங்கத் தொடங்கியதும் மீதியைச் சந்தைக்கு ஓட்டுகிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நோய் உடலில் புகுந்து ஐந்தாறு நாட்கள் வரை கோழி நன்றாகவே தோன்றும். நீங்கள் பாதி விலைக்குத் தள்ளிவிட்ட அந்தக் கோழி, உங்களைப் போலவே கடன் வாங்கிய இன்னொரு பெண்ணின் பஞ்சாரத்துக்குள் போகிறது. விற்காதீர்கள், அறுத்து இறகையும் குடலையும் தெருநாய்க்குப் போடாதீர்கள். சுண்ணாம்பு தூவி ஆழப் புதையுங்கள். வாங்கி வந்த கோழியை மூன்று வாரமாவது தனியே கட்டி வையுங்கள்.

முட்டை வாங்குபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். "ஊசி போட்டீங்களா" என்பதற்குப் பதிலாக "ஆன்டிபயாட்டிக் கொடுத்தீங்களா, எப்போது கொடுத்தீங்க" என்று கேளுங்கள். தடுப்பு மருந்து கொடுத்தவரிடம் வாங்குங்கள். நீங்கள் கேட்கும் கேள்விக்கு ஏற்பத்தான் அவர்கள் கோழி வளர்க்கிறார்கள்.

அந்த அம்மாவின் தெருவில் இன்னும் நோய் எட்டாத வீடுகள் பதினொன்று இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, கோழிகளைத் திறந்துவிடும் முன் அங்கே போகிறேன். பனிக்கட்டிப் பெட்டியை நானே எடுத்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர் வீட்டுக்குக் கடைசியாகத்தான் போவேன், என் செருப்பிலேயே நோய் ஒட்டிக்கொண்டு போகும் என்பதால். கூட்டைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்து ஒரு மாதமாவது காலியாக விடச் சொன்னதற்கு, "அதுக்கப்புறம் அடை வெக்கலாமுங்களா?" என்று கேட்டார். வைக்கலாம் என்றேன்; முட்டையைத் தடுப்பு மருந்து பெற்ற கோழியிடம் இருந்து வாங்கச் சொல்லியிருக்கிறேன்.