எதிர்ப்பு ரகம் போட்ட வயலிலும் இலை ஏன் கருகுகிறது?

நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல் வந்துவிட்டால் முதல் பழி விதை கொடுத்தவர் மேல்தான் விழும். "எதிர்ப்பு ரகம்னுதானே கொடுத்தீங்க?" எந்தக் கிருமியை எதிர்க்கும் ரகம் என்று யாரும் கேட்பதில்லை. ஜாந்தோமோனாஸ் ஒரைசே என்ற ஒரே பெயருக்குள் ஆசியா முழுக்கப் பல ரேஸ்கள், அதாவது எந்த ரகத்தைத் தாக்கும் என்பதில் வேறுபடும் உட்பிரிவுகள், இருக்கின்றன. ஓர் ஊரில் அசையாமல் நின்ற ரகம் இன்னோர் ஊரில் நுனியிலிருந்து காய்ந்துவிடும்.

இந்த நோயை எதிர்க்கும் மரபணுக்களுக்கு எக்ஸ்ஏ என்று பெயரிட்டு எண் கொடுப்பார்கள். அவற்றில் எக்ஸ்ஏ-4ஐயே எடுத்துக்கொள்ளலாம். பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஐ.ஆர். 20, ஐ.ஆர். 36, ஐ.ஆர். 64 மூன்றிலும் அது உண்டு. அந்த நாட்டில் முன்பு அதிகம் இருந்தது ரேஸ் 1. எக்ஸ்ஏ-4 ரகங்கள் வயல்களை நிறைத்ததும், அந்த மரபணுவிடம் பிடிபடாத ரேஸ் 2 பெருகிவிட்டது. இந்தியாவிலோ எக்ஸ்ஏ-4 தனியாக நின்று பெரும்பாலும் தாக்குப்பிடிப்பதில்லை.

பாக்டீரியா இலைக்குள் செலுத்தும் 'டால்' புரதங்கள், செடி சர்க்கரையை வெளிவிடும் ஸ்வீட் மரபணுக்களைத் திறந்துவிடுகின்றன. அந்தச் சர்க்கரைதான் கிருமிக்குத் தீனி. எக்ஸ்ஏ-13 உள்ள செடியில் அப்படியொரு மரபணுவின் பூட்டு மாறியிருப்பதால், வழக்கமான டால் புரதத்தால் அதைத் திறக்க முடியாது. வேறு டால் புரதத்தால் வேறு ஸ்வீட் மரபணுவைத் திறக்கத் தெரிந்த கிருமிக்கு அது தடையே இல்லை. அதனால் உள்ளூர்க் கிருமி எது என்று பார்க்காமல் ரகம் சிபாரிசு செய்வது இருட்டில் கல்லெறிவதுதான்.

பார்ப்பதிலும் சறுக்கல்கள் உண்டு. ஒரே குத்திலிருந்து பத்து இலை பறித்தால் ஒரே கிருமியின் பத்து நகல்தான் கிடைக்கும். வயலில் இடைவெளி விட்டு, குத்துக்கு ஓர் இலை எடுங்கள். மஞ்சளும் பச்சையும் சேரும் ஓரத்தை வெட்டித் தெளிந்த தண்ணீரில் பிடித்தால், சில நிமிடங்களில் பால்போன்ற கசிவு இழையாக இறங்கும். இறங்காவிட்டால் அந்த இலையை விட்டுவிடலாம். மாதிரியைக் காகித உறையில் போடுங்கள்; பாலித்தீன் பையில் வியர்த்து அழுகிவிடும்.

ஆய்வகத்தில் மஞ்சள் காலனியெல்லாம் நம் கிருமி என்று நம்பிவிடக் கூடாது. 28 டிகிரியில் மறுநாளே கொழுகொழுவென்று வளர்ந்தால் அது பெரும்பாலும் இலையில் ஒட்டியிருந்த பான்டோயா போன்ற வேறொன்று. நம்முடையது தெரிய மூன்று நான்கு நாளாகும். தனிக் காலனியாகப் பிரிக்காமல் டி.என்.ஏ. கைரேகை (கிருமியை அடையாளம் காட்டும் கோடுகளின் வரிசை) எடுத்தால் இரண்டின் கோடுகளும் கலந்து புது ரேஸ் போலத் தோற்றம் காட்டும். டால் மரபணுக்கள் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வருபவை. டி.என்.ஏ.வைச் சின்னச் சின்னத் துண்டாகப் படிக்கும் குறுந்துண்டு வாசிப்பில் அவற்றை ஒழுங்காகக் கோக்க முடியாது, நீளமாகப் படிக்கும் நீள் வாசிப்பு தேவை.

ரேஸை உறுதிசெய்ய, எந்த எதிர்ப்பு மரபணு இருக்கிறது என்று தெரிந்த ஐ.ஆர்.பி.பி. நெல் வரிசைகளில் கத்தரிக்கோல் சோதனை செய்கிறோம். மில்லிக்குப் பத்துக் கோடி செல்களாவது உள்ள கரைசலில் கத்தரியை நனைத்து, தூர் கட்டிய பயிரின் இலை நுனியை 2 முதல் 3 செ.மீ. வெட்டி, 14ஆம் நாள் கருகலின் நீளத்தை அளக்க வேண்டும். 5 செ.மீ.க்குள் என்றால் எதிர்ப்பு, 15ஐத் தாண்டினால் இல்லை. பலமுறை மறுவளர்ப்பு செய்த கிருமி வீரியம் குறைந்து, இல்லாத எதிர்ப்பை இருப்பதாகக் காட்டிவிடும். முதல் வளர்ப்பையே கிளிசராலில் உறைய வையுங்கள்.

நம் ஊரில் ஆந்திரா பொன்னி என்று விற்கும் பி.பி.டி. 5204, அதாவது சம்பா மசூரி, இந்த நோய்க்கு எளிதில் மாட்டும். அதில் எக்ஸ்ஏ-5, எக்ஸ்ஏ-13, எக்ஸ்ஏ-21 மூன்றையும் சேர்த்த மேம்பட்ட சம்பா மசூரி 2008இல் ஹைதராபாத்திலிருந்து வந்தது. எக்ஸ்ஏ-21ஐ மட்டும் வெல்லும் கிருமிகள் இந்தியாவில் ஏற்கெனவே பதிவாகியிருப்பதால் ஒற்றை மரபணுவை நம்புவதைவிட இது மேல். விதை வாங்கும்போது மரபணுக்களின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். எந்த ரகமானாலும் நாற்றின் நுனியைக் கிள்ளி நட வேண்டாம். அந்த வெட்டு வழியாகக் கிருமி ஏறினால் நட்ட சில வாரங்களில் குத்தோடு வாடிப்போகும். நோய் தெரிந்த வயலின் தண்ணீரை அடுத்த மடைக்குத் திறக்காமல், யூரியா மேலுரத்தையும் நிறுத்தி வையுங்கள்.