வெயில் எறித்தால் விமானம் பறக்க வேண்டுமா?

நேபாளத்துப் பொக்கராவிலிருந்து மறுபடியும் ஒரு தொலைபேசி அழைப்பு. இம்முறை முக்திநாத் யாத்திரைக்குப் போன கோப்பாய்க் குடும்பம். "தம்பி, இங்கே ஒரு பொட்டு முகில் இல்லை, நல்ல வெயில். முக்திநாத்துக்குப் போக ஏறுகிற ஜோம்சோம் விமானத்தை நிறுத்திவிட்டார்கள். நீங்களும் விமானிதானே, யாரிடமாவது சொல்லிப் பாருங்களேன்."

சொல்ல மாட்டேன். இது அரச கச்சேரியில் ஆள் பிடித்து முடிக்கிற காரியம் அல்ல.

வெயில் இருந்தால் பறக்கலாம் என்ற இந்த நினைப்பை எங்கள் சனத்தின் தலையிலிருந்து எப்படி எடுப்பதென்று தெரியவில்லை. ஜோம்சோம் ஓடுபாதை ஏறக்குறைய 2,700 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நீளம் 750 மீற்றர்கூட இல்லை. ஒரு பக்கம் 8,167 மீற்றர் தௌளகிரி, மறு பக்கம் 8,091 மீற்றர் அன்னபூர்ணா, நடுவே காளி கண்டகிப் பள்ளத்தாக்கு. வெயில் ஏற ஏற வடக்கே முஸ்தாங் மேட்டுநிலம் கொதிக்கும். அங்கே காற்று மேலெழும்ப, தெற்கிலிருந்து காற்று பள்ளத்தாக்கு வழியே பாய்ந்து வரும். இரண்டு மதில்களுக்கு நடுவே ஒழுங்கைக்குள் புகுந்த சோளகக் காற்றைப் பார்த்திருப்பீர்கள். அதுவே பல மடங்கு. வெயில் எவ்வளவு நன்றாக எறிக்கிறதோ அவ்வளவுக்குக் காற்றும் மூர்க்கம். அதனால்தான் அங்கே விமானங்கள் காலையிலேயே வந்துபோய்விடுகின்றன. "காலையில் விடாவிட்டால் மத்தியானம் விடலாமே" என்று கவுண்டரில் சண்டை பிடிப்பவர்களே, மத்தியானம்தான் அங்கே ஆகக் கூடாத நேரம்.

வெயில் இன்னொன்றும் செய்யும். 20 பாகை வெப்பத்தில், ஜோம்சோமில் நிற்கும் விமானம் 3,500 மீற்றருக்கு மேல் நிற்பதைப்போல நடந்துகொள்ளும். மெலிந்த காற்றில் இறக்கையின் தூக்கும் விசையும் எஞ்சினின் வலுவும் குறையும், நீண்ட ஓடுபாதை வேண்டும். சிறிய விமானத்துக்குச் சின்ன ஓடுபாதை போதும் என்கிறவர்கள் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். பலாலி கடற்கரையில் இருக்கிறது ஐயா.

முகில் விடயமும் அப்படித்தான். இரண்டு முனையிலும் வெயில் எறித்தாலும், நடுவே கோரேபானிப் பக்கம் முகில் அடைத்துவிட்டால் வழி இல்லை. மலைகளுக்கிடையே விமானி கண்ணால் பார்த்தே போகிறார். இதே வழியில் 2016 பெப்ரவரியில் 23 பேரும் 2022 மே மாதத்தில் 22 பேரும் இறந்தார்கள். இரண்டும் ட்வின் ஒட்டர் விமானங்கள். விமானத்தைக் குறை சொல்லாதீர்கள். குறுகிய ஓடுபாதைகளுக்கென்றே செய்தது அது, 2016இல் மலையில் மோதியது புதிய விமானம்.

பாதி வழியில் திரும்பி வந்த விமானியைப் பயந்தவர் என்று என் முன்னால் யாரும் சொல்ல வேண்டாம். பள்ளத்தாக்கு ஒடுங்கிய பிறகு விமானத்தைத் திருப்ப இடம் இராது. இடம் இருக்கும்போதே அவர் திருப்பியிருக்கிறார்.

போகிறவர்கள் அன்றைய முதல் விமானத்தில் இடம் எடுங்கள். பையின் எடையை உள்ளபடி சொல்லுங்கள். திரும்பும்போது ஆற்றில் பொறுக்கிய சாளக்கிராமங்களைக் கைப்பைக்குள் நிரப்பிக்கொண்டு "ஒன்றுமில்லை, பிரசாதம்" என்பதை நிறுத்துங்கள். கல்லுக்கும் எடை உண்டு. உட்காரச் சொன்ன இருக்கையில் உட்காருங்கள், படம் எடுக்க இடம் மாறாதீர்கள். விமானம் இல்லையென்றால் ஜீப்பில் போகலாம். பகல் முழுக்க எடுக்கும், இடுப்பு வலிக்கும். மழைக்காலத்தில் மண்சரிவு, ஆகவே அப்போது அதுவும் நிச்சயமில்லை. முக்திநாத்தின் உயரம் இருதய நோயாளருக்கு ஒத்துவருமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து அம்மா அப்பாவுக்கு டிக்கெட் போட்டுக்கொடுக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். ஜோம்சோமிலிருந்து திரும்பும் நாளுக்கு மறுநாளே காத்மண்டுவிலிருந்து கொழும்புக்கு இடம் போடாதீர்கள். அந்த டிக்கெட்தான் வயதானவர்களைக் கவுண்டரில் நின்று கெஞ்ச வைக்கிறது. இடையில் இரண்டு நாளாவது விடுங்கள். திகதி மாற்றக்கூடிய டிக்கெட் கொஞ்சம் விலை கூடத்தான், ஆனாலும் அதையே எடுங்கள்.