ஆசியாவில் காடு கூடியது எப்படி?

"ஆசியாவில் காடு கூடுகிறதாமே, நிஜமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

நிஜம்தான். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2020-இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். 2010 முதல் 2020 வரை ஆப்பிரிக்கா ஆண்டுக்கு 39 லட்சம் ஹெக்டேர் காட்டை இழந்தது. தென் அமெரிக்கா 26 லட்சம். முந்தைய பத்தாண்டில் அங்கே இழப்பு இதைப் போல இரண்டு மடங்கு. ஐரோப்பாவில் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆசியாவில் ஆண்டுக்குச் சுமார் 12 லட்சம் ஹெக்டேர் கூடியது. ஆனால் சீனா மட்டுமே 19 லட்சம் கூட்டியிருக்கிறது. சீனாவை எடுத்துவிட்டால் ஆசியாவும் நஷ்டக் கணக்கில்தான் நிற்கும்.

சரி, இதை எப்படி அளக்கிறார்கள்? நாடுகள் அனுப்பும் கணக்கு இது. பல நாடுகள் செயற்கைக்கோள் படங்களைத்தான் நம்பியிருக்கின்றன. லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளின் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். தனி மரம் அதில் தெரியாது. தெரிவது திரும்பி வரும் ஒளியின் அளவு மட்டும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இலையின் பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். நூற்றில் ஐந்தோ பத்தோதான் திரும்பும். சிவப்பைத் தாண்டி, நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளி பச்சையத்துக்கு வேண்டாம். அது இலைக்குள் நுழைகிறது. அங்கே அடிப்பகுதிச் செல்கள் பஞ்சு போல, நடுநடுவே காற்றறைகளோடு கிடக்கின்றன. ஈரச் சுவரிலிருந்து காற்றுக்கு, காற்றிலிருந்து சுவருக்கு என்று ஒவ்வோர் எல்லையிலும் முட்டிச் சிதறி, கிட்டத்தட்ட பாதி ஒளி மேலேயே வந்துவிடுகிறது. தெளிவான சோப்புத் தண்ணீரை அடித்து நுரையாக்கினால் வெள்ளை வெளேரென்று ஆகிறதே, அதே கதைதான். கொதிக்கிற தண்ணீரில் கீரையைப் போட்டதும் பச்சை அடர்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றறைகளில் நீர் புகுந்து சிதறல் குறைந்துவிட்டதுதான் காரணம். திரும்பாத மீதி ஒளியில் பெரும்பகுதி கீழே நழுவி அடுத்த இலையில் படும். அதிலும் பாதி திரும்பும். இலை அடுக்கு கூடக் கூட அந்தப் புள்ளி அகச்சிவப்பில் பிரகாசமாகும்.

இந்த இரண்டு ஒளியையும் ஒப்பிட்டுத்தான் ஒரு புள்ளியில் எவ்வளவு பச்சை என்று கணக்கிடுகிறார்கள். நூற்றில் அகச்சிவப்பு 50, சிவப்பு 5 திரும்பினால் வித்தியாசம் 45, கூட்டுத்தொகை 55. வகுத்தால் 0.82. வெறும் மண்ணில் இரண்டும் ஏறக்குறைய சமம் என்பதால் விடை பூஜ்யத்தை ஒட்டி நிற்கும்.

2008-இல் அமெரிக்கா லேண்ட்சாட் படங்களை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. அதன் பிறகுதான் 2013-இல் மேரிலாந்து பல்கலைக்கழகக் குழு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை அலசி உலகக் காட்டு வரைபடம் தயாரிக்க முடிந்தது. மக்கள் வரிப்பணத்தில் எடுத்த படங்களை எந்த நாடும் பூட்டி வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் அந்த 0.82 எந்த மரத்தின் இலை என்று சொல்லாது. அதற்கு வரையறை வேண்டும். ஐ.நா. கணக்கில் அரை ஹெக்டேர் நிலம், 5 மீட்டர் உயரம், 10 சதவீத நிழல் இருந்தால் காடு. ரப்பர் தோட்டம் சேரும். எண்ணெய்ப் பனை சேராது. இந்திய வன அளவைத் துறைக்கு ஒரு ஹெக்டேரில் 10 சதவீத நிழல் போதும். தென்னந்தோப்பும் மாந்தோப்பும்கூட 'வனப்பரப்பு'க்குள் வந்துவிடும்.

நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைகளுக்கு நடுவே விரிந்திருந்தது இயற்கையான புல்வெளி. மழைநீரைப் பிடித்து வைத்து ஓடைகளுக்கு மெல்ல மெல்லக் கொடுத்த அந்தப் புல்லுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. அதன்மேல் சீகை (வாட்டில்) மரத்தையும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தையும் நட்டார்கள். வளர்ந்து நிழல் விழுந்ததும் அந்த இடம் காடாகிவிட்டது.