மயில்துத்தமும் ஒட்டுக்கட்டும் காத்த கறுப்புத் திராட்சை

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் தென்மேற்குப் பருவமழை இறங்கும் முன்பே இலைத்துரு நோய்க்கு நீலநிறக் கலவை ஒன்றைத் தெளிப்பார்கள். மிளகுக் கொடியின் வாடல் நோய்க்கும் அதுவே மருந்து. மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் சேர்ந்த அதன் பெயர் போர்டோ கலவை. அந்தப் போர்டோ, பிரான்சின் தென்மேற்கில் இருக்கும் ஒயின் சீமை. உலகில் மிக அதிகப் பரப்பில் பயிராகும் ஒயின் திராட்சையான கேபர்னே சாவிஞான் பேரெடுத்த மண்ணும் அதுதான்.

1878 வாக்கில் அமெரிக்கத் திராட்சைக் கொடிகளோடு அடிச்சாம்பல் நோய் பிரான்சுக்குள் நுழைந்தது. இலையின் அடியில் வெண்பூஞ்சை படர்ந்தது, இலை கொட்டியது, காய் பழுக்காமலே சுருங்கியது. 1882இல் போர்டோவின் மெடாக் பகுதியில் சாலையோர வரிசைகளில் மட்டும் இலை பச்சையாக நிற்பதைத் தாவரவியலாளர் மில்லார்டே கவனித்தார். வழிப்போக்கர்கள் பழம் பறிக்கக் கூடாது என்று தோட்டக்காரர்கள் அந்தக் கொடிகளில் துத்தமும் சுண்ணாம்பும் அடித்து வைத்திருந்தார்கள். ஆய்ந்து பார்த்து, 1885இல் கலவை முறையை வெளியிட்டார்.

இந்தப் பூஞ்சையின் வித்து இலை மேலுள்ள நீர்ப்படலத்தில் நீந்திப் போய்த்தான் உள்ளே நுழையும். அந்த நீரில் தாமிரம் கரைந்திருந்தால் வித்து செத்துவிடும். துத்தம் தனியாகப் பட்டால் அதன் அமிலம் இலையைக் கருக்கும். சுண்ணாம்பு அதை முறித்து, மருந்தை இலையோடு ஒட்டவும் வைக்கிறது. 1 சதவீதக் கலவைக்கு 1 கிலோ துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், 1 கிலோ சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டரிலும் தனித்தனியே பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில் கரைக்க வேண்டும். துத்தக் கரைசலைத்தான் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றினால் துகள் பெருத்துத் தெளிப்பானின் முனையை அடைக்கும். துரு இல்லாத இரும்புக் கத்தியைக் கலவையில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செந்நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும். கலக்கிய அன்றே தெளித்துவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் ஒட்டும் தன்மை போய்விடும்.

கேபர்னே சாவிஞானின் பெற்றோர் யார் என்பது வெகுகாலம் ஊகமாகவே இருந்தது. 1997இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஜான் பவர்ஸும் கரோல் மெரிடித்தும் மரபணுச் சோதனையில் அதைக் கண்டறிந்தார்கள். டி.என்.ஏ.வில் ஒரே சிறு தொடர் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. அதன் நீளம் ரகத்துக்கு ரகம் மாறும். ஒவ்வோர் இடத்திலும் பிள்ளைக்குத் தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி வரும். சோதித்த 30 இடங்களும் கேபர்னே ஃப்ரான் என்ற கறுப்பு ரகத்தோடும் சாவிஞான் ப்ளான் என்ற வெள்ளை ரகத்தோடும் பொருந்தின. யாரும் திட்டமிட்டுச் செய்த கலப்பாகத் தெரியவில்லை. தோட்டத்தில் தற்செயலாக நடந்த மகரந்தச் சேர்க்கையாகவே கருதுகிறார்கள்.

வெள்ளைக்கும் கறுப்புக்கும் பிறந்தது ஏன் கறுப்பானது? தோலின் நிறமியை முடுக்கும் மரபணுவில் இடம் மாறும் டி.என்.ஏ. துண்டு ஒன்று புகுந்து அதை முடக்கியதால்தான் வெள்ளைத் திராட்சையே உண்டானது. இரண்டு பிரதியும் முடங்கினால்தான் பழம் வெளுக்கும்; ஒன்று நன்றாக இருந்தாலே கறுக்கும். கேபர்னே சாவிஞானிடம் நல்லது ஒன்று, முடங்கியது ஒன்று இருக்கின்றன. அதனால் அதன் விதையைப் போட்டால் வெள்ளைக் கொடிகூட முளைக்கலாம்.

சேலத்து மாந்தோப்புக்காரர்களுக்கு இது புதிதல்ல. மல்கோவா கொட்டையைப் போட்டால் மல்கோவா வராது என்பதால்தான் ஒட்டுக்கட்டுகிறோம். உலகெங்கும் உள்ள கேபர்னே கொடிகள் எல்லாம் அந்த ஒரே நாற்றிலிருந்து குச்சி குச்சியாகப் பெருகி வந்தவை. 1860களில் ஃபிலாக்சரா என்ற வேர்ப்பேன் பிரான்சின் கொடிகளை அழித்தபோதும் ஒட்டுக்கட்டுத்தான் காப்பாற்றியது. அந்தப் பேனைத் தாங்கும் அமெரிக்கக் கொடியை வேர்ச்செடியாக வைத்து, அதன் மேல் கேபர்னே குச்சியைக் கட்டினார்கள். அப்படி வரவழைத்த அமெரிக்கக் கொடிகளோடுதான் அடிச்சாம்பல் நோயும் வந்து சேர்ந்தது.

சேலம் பழக்கடைகளுக்கு வரும் கம்பம் பன்னீர் திராட்சை வேறு ரகம், மஸ்கட் ஹாம்பர்க். கேபர்னே பழம் அதைவிடச் சிறியது, தோல் தடித்தது, சதையோடு ஒப்பிட்டால் விதையின் பங்கு அதிகம். நிறமும் துவர்ப்பும் தோலிலும் விதையிலும் இருப்பதால், சாறு குறைந்த சிறு பழம் அடர்த்தியான ஒயினைத் தரும். காய் முற்றாமல் பறித்தால் குடைமிளகாய் வாசம் அடிக்கும். குடைமிளகாயில் இருக்கும் அதே பைரசின் சேர்மம்தான் காரணம். 50 கோடி லிட்டர் நீரில் 1 கிராம் கரைந்தாலே மூக்குக்கு எட்டும். கொத்தின் மேல் வெயில் பட்டுப் பழுக்கப் பழுக்க அது குறையும்.

ஏற்காட்டில் இந்தக் கொடியை வைத்தால் என்ன ஆகும்? சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர்; கீழே இருப்பதைவிட ஏறக்குறைய 8 டிகிரி குளிர்ச்சி. ஆனாலும் இலை உதிர்த்து உறங்கவைக்கும் குளிர் அங்கே கிடையாது. போர்டோவின் கொடி பனிக்காலத்தில் தானே உறங்கி, வசந்தத்தில் தானே விழிக்கும். இங்கே கவாத்துதான், அதாவது கிளைகளை வெட்டிவிடுவதுதான், அந்த வேலையைச் செய்ய வேண்டும். இந்தியத் தோட்டங்களில் அறுவடை முடிந்ததும் ஒரு கவாத்து, காய்ப்புக்காக இன்னொன்று என ஆண்டுக்கு இரண்டு. நாசிக்கில் காய்ப்புக் கவாத்தை மழை ஓயும் சமயம் செய்து, பிப்ரவரி, மார்ச்சில் காய்ந்த வானிலையில் பறிக்கிறார்கள்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் அந்தக் கணக்கு ஒத்துவராது. அக்டோபரில் வெட்டினால் பூ வடகிழக்குப் பருவமழையில் மாட்டும். கவாத்திலிருந்து அறுவடைக்கு ஏறத்தாழ 5 மாதம் ஆகும் என்பதால், டிசம்பரில் வெட்டினால் பழுக்கும் நேரம் கோடை மழை பிடித்து, பழம் வெடித்து அழுகும். நவம்பர் நடுப்பகுதிதான் ஓரளவு இடம் தருகிறது. அப்போதும் கிழக்குச் சரிவுதான் ஏற்றது. காலை வெயில் முதலில் விழுந்து பனி சீக்கிரம் காய்ந்துவிட்டால், அடிச்சாம்பல் வித்துக்கு நீந்த நீர் கிடைக்காது.