துணையின் பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

வேலைக்குச் சேர்ந்ததும் கைக்கு வரும் குழு மருத்துவக் காப்பீட்டுப் படிவத்தில் ‘கணவன்/மனைவி’ என்று ஒரு கட்டம் இருக்கும். திருமணமானவர் அதில் ஒரு பெயரையும் பிறந்த தேதியையும் எழுதித் தந்தால் போதும். பெரும்பாலான இடங்களில் திருமணச் சான்றிதழ்கூடக் கேட்பதில்லை. பக்கத்து இருக்கையில் இருக்கும் தன்பாலீர்ப்பாளருக்கோ, பத்து வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்த துணையின் பெயரை எழுத இடமே இல்லை. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் போகிறார்.

தன்பாலுறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் சொன்னது. தன்பாலின இணையர் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தர 2023 அக்டோபரில் மறுத்தது. ‘கல்யாணம் சட்டப்படி செல்லாது, அதனால் காப்பீடும் கிடையாது’ என்று மனிதவளத் துறையினர் பலர் இதை வைத்தே முடிவுகட்டிவிடுகிறார்கள். அது தவறு. குழு பாலிசி என்பது வேலை தரும் நிறுவனமும் காப்பீட்டு நிறுவனமும் செய்துகொள்ளும் ஒப்பந்தம். குடும்பம் என்றால் யார் என்பதை அந்த ஒப்பந்தமே வரையறுக்கிறது. ‘வாழ்க்கைத் துணை, எந்தப் பாலினமானாலும், திருமணம் பதிவாகியிருந்தாலும் இல்லாவிட்டாலும்’ என்று ஒரு வரி சேர்த்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். கேட்டு வாங்கிய நிறுவனங்கள் இந்தியாவில் இருக்கின்றன.

எப்போது கேட்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பாலிசி ஆண்டின் நடுவில் புதிதாக ஒருவரைச் சேர்க்க, திருமணம் அல்லது பிறப்பு நடந்த சில வாரங்களுக்குள் தகவல் தர வேண்டும் என்பதுதான் வழக்கமான நிபந்தனை. பதிவுத் திருமணம் இல்லாத இணையருக்குக் காட்ட அப்படி ஒரு தேதியே இல்லை. ஆகவே புதுப்பிக்கும் நேரத்தை விட்டால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதுதான். புதுப்பிப்புக்கு இரண்டு மூன்று மாதம் முன்பு, தரகரிடம் விலைப்புள்ளி கேட்கும் மின்னஞ்சலிலேயே இந்த வரி போக வேண்டும்.

அந்த வரியைச் சேர்த்த நிறுவனங்களிலும் பெயர் தர ஆள் வருவதில்லை என்பது உண்டு. படிவம் டீம் லீட் மேசை வழியாகப் போகிறது என்றால் யார் தருவார்? துணையின் விவரத்தைப் பணியாளரே நேரடியாகக் காப்பீட்டுத் தளத்தில் பதியும்படி வையுங்கள். ‘துணை’ என்ற ஒரே சொல் எல்லாப் பணியாளருக்கும் பொதுவாக இருக்கட்டும். மணமானவரிடம் கேட்காத கூட்டு வங்கிக் கணக்கையும் வாடகை ஒப்பந்தத்தையும் இவரிடம் மட்டும் கேட்காதீர்கள்.

திருநங்கையர், திருநம்பியர் விஷயம் இன்னும் சிக்கலானது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குகளில் ‘எக்ஸ்கிளூஷன் 07’ என்று ஒன்று உண்டு: பாலின மாற்றச் சிகிச்சை. உங்கள் பாலிசியில் அந்த எண் இருந்தால் அறுவை சிகிச்சைக்கு ஒரு ரூபாயும் வராது. 2019-ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு இந்தச் சிகிச்சைகளுக்குக் காப்பீடு ஏற்பாடு செய்யச் சொல்வது அரசுகளிடம்தான். தனியார் பாலிசியில் அது தானாக வந்து சேராது. குழு பாலிசியில் விலக்கு 07-ஐ நீக்கச் சொல்லும்போது 08-ஐயும் பாருங்கள். அது அழகுச் சிகிச்சை விலக்கு. 07 நீங்கிய பிறகும் மார்பக அறுவை சிகிச்சையை 08-இன் கீழ் தள்ளிவிட வழி இருக்கிறது. எனவே ‘நீக்கப்பட்டது’ என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தெந்தச் சிகிச்சை, எவ்வளவு ரூபாய் வரை என்று பெயர் சொல்லி எழுதி வாங்குங்கள். ஹார்மோன் சிகிச்சையும் அதற்கான ரத்தப் பரிசோதனைகளும் கவுன்சலிங்கும் புறநோயாளிச் செலவு. மருத்துவமனையில் படுத்தால் மட்டுமே பணம் தரும் பாலிசியில் அவை சேராது, ஓ.பி. பிரிவைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

பெயர்க் குழப்பம் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆதாரில் புதுப் பெயர், காப்பீட்டு அட்டையில் பழைய பெயர், மருத்துவமனைப் பதிவில் வேறொன்று என்றால் கேஷ்லெஸ் (கையிலிருந்து பணம் கட்டாமல் காப்பீட்டிலேயே சிகிச்சை பெறும்) கவுன்டரில் எல்லார் காதிலும் விழும்படி பழைய பெயரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்பது ஆணையத்தின் 2024 விதி. பெயர் ஒத்துப்போகாவிட்டால் கேள்வி மேல் கேள்வியாக அந்த நேரம் கரைந்துவிடும். ஆதார் மாறிய வாரத்திலேயே மனிதவளத் துறை வழியாகப் பாலிசியிலும் திருத்தம் கேளுங்கள். திருத்தம் ஏறிய புது அட்டையைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையில் சிகிச்சைக்கான சம்மதக் கையெழுத்துக்கு ‘சொந்தக்காரங்க யாராவது வாங்க’ என்பார்கள். நினைவோடு இருக்கும் வயது வந்த நோயாளியின் சம்மதமே சட்டப்படி போதுமானது. மனநலச் சிகிச்சையில் துணைக்கு நல்ல வழி இருக்கிறது. 2017 மனநலச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டு, ஒப்புக்கொள்ளும் எந்த வயது வந்தவரையும் பிரதிநிதியாக நியமிக்கலாம்; ரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை. தேர்ந்தெடுத்த குடும்பம் என்ற கருத்தைச் சென்னை உயர் நீதிமன்றமும் 2025 மே மாதம் ஏற்றுப் பேசியிருக்கிறது. பாலீர்ப்பை ‘மாற்றித் தருகிறேன்’ என்று சொல்லும் மருத்துவரிடம் போக வேண்டாம். தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அதைத் தொழில்முறை ஒழுங்கீனமாக அறிவித்துவிட்டது.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்குத் தன் சிகிச்சை உறுதி. துணை மட்டும் ‘குடும்பம்’ என்ற வரையறைக்குள் வரமாட்டார். அவருக்குத் தனி பாலிசி எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு 36 மாதம் வரை போகலாம். அது பாலிசி எடுத்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.

கோரிக்கையை நிராகரித்தால் எந்த விலக்கு எண்ணின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதி, 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதிலில் திருப்தி இல்லாவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. ஒரு வருடத்துக்குள் மனு தர வேண்டும். நிராகரிப்புக் கடிதத்தையும், துணையைச் சேர்த்த பாலிசித் திருத்தத்தின் நகலையும் மனுவோடு இணையுங்கள்.