புது வண்டியில் முதல் நெளிசல்: பட்டி போடக் கொடுக்கும் முன்

போன மாதம் ஒரு கணவனும் மனைவியும் கடைக்கு வந்தார்கள். வண்டி எடுத்து பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது, பூஜையில் வைத்த சந்தனப் பொட்டின் தடம்கூட பானெட்டில் இன்னும் முழுசாகப் போகவில்லை. கல்யாண மண்டபத்தில் நிறுத்திவிட்டு சாப்பிட்டு முடித்து வந்து பார்த்தால், இடது பக்கப் பின்கதவில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு குழி. பக்கத்தில் நின்ற வண்டிக்காரர் யாரோ கதவை வேகமாகத் திறந்திருக்கிறார், பேசாமல் போய்விட்டார். இவர்களுக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கமே இல்லை. மறுநாள் காலையிலேயே தெரிந்தவர் சொன்ன ஒரு கடையில் விட்டு, மூன்று நாளில் கதவு முழுக்கப் பெயின்ட் அடித்து வாங்கிவிட்டார்கள். அதற்கு அப்புறம்தான் என்னிடம் வந்தார்கள். நிழலில் ஒன்றும் தெரியவில்லை. வெயிலில் நிறுத்தினால் அந்த ஒரு கதவு மட்டும் லேசாக மஞ்சள் அடிக்கிறது. பேர்ல் வெள்ளை அப்படித்தான், கலர் சேர்ப்பது மிகவும் கஷ்டம்.

பழையபடி ஆக்கித் தர முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்று சொல்ல எனக்கு மனசே வரவில்லை. முதல் நாள் அவர்கள் போனில் எடுத்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அந்தக் குழியில் பெயின்ட் உடையவே இல்லை. நேராக இங்கே வந்திருந்தால் ஒரு மணி நேர வேலை, பெயின்ட் டப்பாவைத் திறக்கவே வேண்டியிருக்காது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்தக் கதவுக்காகத்தான்.

நான் கோயம்புத்தூரில் பதினேழு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதல் எட்டு வருஷம் சாதாரண டிங்கரிங். நானும் நல்ல பெயின்ட்டைத் தேய்த்து எடுத்துவிட்டுக் குழியை நிரப்பப் பட்டி போட்டவன்தான், அன்றைக்கு வேறு வழி தெரியாது. பிறகுதான் பெயின்ட்டைத் தொடாமல் டென்ட் எடுக்கும் பி.டி.ஆர். வேலையைக் கற்றுக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். தகட்டில் போன வடிவத்தைத் திரும்ப வாங்கிவிடலாம், கம்பெனி பெயின்ட்டை ஒரு முறை தேய்த்துவிட்டால் திரும்ப வாங்கவே முடியாது.

ஏன் முடியாது? தொழிற்சாலையில் வண்டியின் வெறும் கூட்டை அப்படியே ஒரு பெரிய தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்தி, துருப்பிடிக்காமல் இருக்க முதல் பூச்சை ஏற்றுகிறார்கள். அதற்கு மேல் பிரைமர், அதற்கு மேல் கலர், கடைசியில் கிளியர் கோட் என்ற நிறமில்லாத மேல் பூச்சு. இவ்வளவும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் கனம்தான், அதாவது இரண்டு தலைமுடியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அளவு. அங்கே கண்ணாடி, சீட், ஒயர், டயர் எதுவும் மாட்டுவதற்கு முன்பே கூட்டை 140 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்துச் சுடுகிறார்கள். எங்கள் பெயின்ட் அடிக்கும் அறைக்கு (பூத்) வருவது முழு வண்டி, உள்ளே பிளாஸ்டிக்கும் ஒயரும் இருக்கும்போது சுமார் 60 டிகிரிக்கு மேல் சூடாக்க முடியாது. அதற்கு ஏற்ற மாதிரி வேறு வகைப் பெயின்ட்தான் அடிக்கிறோம். நல்ல கடையில் அடித்தது மோசம் என்று நான் சொல்லவில்லை, அது வேறு பொருள் என்கிறேன். நாளைக்கு வண்டியை விற்கும்போது, வாங்க வருபவர் பெயின்ட் கனம் அளக்கும் சின்னக் கருவியை ஒவ்வொரு பேனலிலும் வைத்துப் பார்ப்பார். எல்லா இடத்திலும் 120 காட்டிவிட்டு ஒரு கதவில் மட்டும் 300 காட்டினால் மறு பெயின்ட் என்று தெரிந்துவிடும். பட்டி போட்டிருந்தால் அதைவிடப் பல மடங்கு காட்டும். பார்க்கிங்கில் பட்ட நாணயம் அளவு குழிதான் என்று நீங்கள் சொன்னால், வண்டி பெரிய விபத்தில் அடிபட்டதில்லை என்று அவரை எப்படி நம்ப வைப்பீர்கள்?

சரி, பி.டி.ஆர். என்றால் என்ன? நம் ஊரில் பித்தளைக் குடத்துக்கு ஒடுக்கு எடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒரு தாங்கலைக் கொடுத்து வெளியே மெதுவாகத் தட்டித் தட்டி, குடத்தைப் பழைய உருண்டைக்குக் கொண்டுவருவார்கள். அதே அறிவுதான் இது, ஆனால் மேலே பெயின்ட் இருப்பதால் பல மடங்கு நிதானம் வேண்டும். கதவுக் கண்ணாடி இறங்கும் இடைவெளி வழியாகவோ உள் டிரிம்மைக் கழற்றியோ நீளமான வளைந்த கம்பியை உள்ளே விட்டு, குழியின் பின்பக்கத்திலிருந்து ஊசிமுனை அளவு ஊசிமுனை அளவாகத் தள்ளுவோம். வெளியே கோடு கோடாக வெளிச்சம் விழும் ஒரு விளக்கை வைத்திருப்போம். பேனலில் தெரியும் அந்தக் கோடு எங்கே வளைகிறதோ அங்கே இன்னும் குழி இருக்கிறது, நேரானால் வேலை முடிந்தது. குழி விழுந்தால் அதைச் சுற்றி ஒரு மேடும் எழும்பியிருக்கும், பலருக்கு இது தெரியாது. அந்த மேட்டை பிளாஸ்டிக் முனையால் தட்டி இறக்காமல் குழியை மட்டும் தள்ளினால் பேனல் அலை அலையாகிவிடும். கம்பி நுழைய வழியில்லாத இடத்தில் வெளியே பசை ஒட்டி இழுப்போம். ஏற்கெனவே மறு பெயின்ட் அடித்த பேனலில் இப்படி இழுத்தால் பெயின்ட் உரிந்து வந்துவிடலாம். அதனால் பழைய வேலை எதையும் எங்களிடம் மறைக்காதீர்கள்.

எல்லா நெளிசலும் வருமா என்றால் வராது. தட்டு அளவுக்கு அகலமாக இருந்தாலும் ஆழமில்லாமல் வழுவழுப்பாக உள்வாங்கியிருந்தால் சுலபமாக வரும். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், ஆனால் கூராக மடிந்திருந்தால் தகடு நீண்டுபோயிருக்கும், அது ரொம்பக் கஷ்டம். கதவின் விளிம்பு, பக்கவாட்டில் ஓடும் மடிப்புக் கோடு, கதவுக்குள் பாதுகாப்புக் கம்பி ஓடுகிற இடம், இவையெல்லாம் பாதி வந்தாலே பெரிய விஷயம். பெயின்ட் வெடித்திருந்தால் வடிவம் வந்தாலும் பெயின்ட் வேலை செய்தே ஆக வேண்டும். சில புது வண்டிகளில் பானெட் அலுமினியமாக இருக்கும், காந்தம் ஒட்டாது. அதில் இரும்பைவிட நேரமும் பிடிக்கும், கூலியும் கூடும்.

உங்கள் வண்டியில் நெளிசலைப் பார்த்ததும் முதலில் கை வைக்காதீர்கள், போனை எடுங்கள். அதே இடத்தில், பக்கத்து வண்டியும் தெரிகிற மாதிரி நாலு படம் எடுங்கள். அப்புறம் போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, குழிக்குள் மெல்லிய விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டவில்லை என்றால் அநேகமாக மேல் பூச்சில்தான் கீறல், பாலிஷில் போய்விடும். வேறு கலர் தீற்றியிருந்தால் பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் இடித்த வண்டியின் பெயின்ட் உங்கள் பெயின்ட்டின் மேல் ஒட்டியிருப்பதுதான், பாலிஷ் செய்யும் கம்பவுண்ட் போட்டு மெதுவாகத் துடைத்தாலே போகும். இதைக் கீறல் என்று நினைத்துப் பம்பர் முழுக்கப் பெயின்ட்டுக்குக் கொடுக்க வந்தவர்களைத் துடைத்துவிட்டே திருப்பி அனுப்பியிருக்கிறேன். பல் பேஸ்ட் மட்டும் வேண்டவே வேண்டாம், பாத்திரம் தேய்க்கும் நாரைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள்.

வெந்நீர் வைத்தியம் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். பிளாஸ்டிக் பம்பரில் அது உண்மையிலேயே வேலை செய்யும், சூட்டில் இளகும் பிளாஸ்டிக் அது, வெந்நீர் ஊற்றி உள்ளிருந்து தள்ளினால் பல சமயம் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். ஆனால் இரும்புக் கதவில் வெந்நீர் ஊற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை. வெயிலில் காய்ந்த பேனலில் ஐஸ் வைப்பது, சமையலறைத் தொட்டி அடைப்பு எடுக்கும் ரப்பரை ஒட்டி இழுப்பது எல்லாம் நடுவை மேலே கொண்டுவந்து ஓரத்தில் இன்னொரு மடிப்பை விட்டுவிடும். அதற்கு அப்புறம் என்னிடம் வந்தால் ஒரு மணி நேர வேலை மூன்று மணி நேரமாகிறது.

தகடு தெரிகிற அளவுக்குப் பெயின்ட் போயிருந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சென்னை, தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று ஊர்களில் துரு சீக்கிரம் ஆரம்பித்துப் பக்கத்துப் பெயின்ட்டுக்கு அடியிலும் ஊர்ந்துவிடும். உங்கள் கலரின் குறியீட்டு எண் வண்டியிலேயே ஒரு ஸ்டிக்கரிலோ தகட்டிலோ, பெரும்பாலும் கதவுத் தூண் பக்கத்திலோ பானெட்டுக்கு அடியிலோ இருக்கும். அதைச் சொல்லி ஒரு சின்ன டச்சப் பெயின்ட் பாட்டில் வாங்கி, இடத்தைச் சுத்தம் செய்து அந்தப் புள்ளியில் மட்டும் வையுங்கள். அழகாக இருக்காதுதான், ஆனால் துருவைத் தள்ளிவைக்கும்.

அடுத்து இன்சூரன்ஸ். இதில்தான் படித்தவர்களே அதிகமாக ஏமாறுகிறார்கள். "பம்பர் டு பம்பர் போட்டிருக்கேன், க்ளெய்ம் பண்ணிடுங்க" என்று சொல்வார்கள். பம்பர் டு பம்பர் என்ற ஆட்-ஆன், அதாவது கூடுதல் கவர், பாகம் பழசானதற்காக க்ளெய்ம் பணத்தில் பிடிக்கும் தேய்மானக் கழிவை மட்டும்தான் நீக்குகிறது. க்ளெய்ம் போடாமல் இருந்தால் பிரீமியத்தில் கிடைக்கும் கழிவான நோ க்ளெய்ம் போனஸ் போவதை அது தடுக்காது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் பாலிசியில் சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் போனஸ் இல்லாமல் 12,000 ரூபாய் என்று வையுங்கள். க்ளெய்மே இல்லாமல் போனால் அடுத்தடுத்த வருஷங்களில் அதில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று கழிவு ஏறிக்கொண்டே போகும். முதல் வருஷமே ஒரு க்ளெய்ம் போட்டால் அடுத்த வருஷம் கழிவு பூஜ்யம், அதற்கு அடுத்த வருஷம்தான் 20-ல் ஆரம்பிக்கும். ஐந்து வருஷத்தையும் கூட்டிப் பாருங்கள், போடாதவருக்கு 175, போட்டவருக்கு 125. வித்தியாசம் 50 சதவீதம், அதாவது 6,000 ரூபாய். வண்டி மதிப்பு குறையக் குறைய பிரீமியமும் இறங்கும் என்பதால் நிஜத்தில் இது கொஞ்சம் குறையலாம். இப்போது இந்தப் பக்கம் வாருங்கள். ஒரு கதவுக்குப் பெயின்ட் 4,500 ரூபாய் என்றால், 1,500 சிசி வரை உள்ள காருக்கு 1,000 ரூபாய் கட்டாயக் கழிவாக நீங்களே கட்ட வேண்டும், கிடைப்பது 3,500. இந்த 3,500-க்காக 6,000-க்குப் பக்கத்தில் விடுகிறீர்கள், கூடவே கம்பெனி பெயின்ட்டும் போகிறது. போனஸைக் காக்கும் தனி ஆட்-ஆன் எடுத்திருந்தால் கணக்கு மாறும், ஆனால் அதில் எத்தனை க்ளெய்ம் வரை என்ற நிபந்தனையைப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

இன்னொன்று. வேறு வேறு நாளில் பட்ட மூன்று நாலு அடிகளைச் சேர்த்து, "நாய் குறுக்கே வந்தது, சுவரில் மோதிவிட்டேன்" என்று ஒரே படிவத்தில் எழுதிக் கொடுக்கச் சொல்பவர்கள் உண்டு. எழுதாதீர்கள். கீழே இருப்பது உங்கள் கையெழுத்து. கதை பொருந்தவில்லை என்று சேதத்தைப் பார்க்க வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் சொன்னால் பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான்.

கடைக்குப் போனால், கதவு ஓரத்தில் ஓட்டை போட்டுத்தான் கம்பி விடுவேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஓட்டை போட்ட இடத்தில் அந்தத் தொட்டியில் ஏறிய முதல் பூச்சு போய்விடுகிறது, மழைத் தண்ணீர் வழிகிற பாதையும் அதுதான். முழுசாக வருமா, எவ்வளவு வரும் என்பதைத் தொடும் முன்பே வெளிச்சம் வைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வேலை தெரிந்தவர் சொல்லிவிடுவார். எங்கள் கடையில் நாணயம் அளவு குழிக்கு 1,500 ரூபாயில் ஆரம்பிக்கும், இடத்தைப் பொறுத்துக் கூடும்.

ஊழியரே சாவியை வாங்கி வண்டியை நிறுத்தும் வேலே பார்க்கிங்கில் கொடுத்துப் பட்ட அடியென்றால் அங்கேயே பேசுங்கள், வெளியே வந்துவிட்டால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "வண்டி உரிமையாளர் பொறுப்பில்" என்று சீட்டில் அச்சடித்திருப்பதைக் காட்டுவார்கள். 1998-ல் டெல்லியில் ஒரு பெரிய ஹோட்டலில் வேலேயிடம் கொடுத்த மாருதி ஜென் திருடுபோன வழக்கில், 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அந்த ஒரு வரியைக் காட்டித் தன் கவனக்குறைவிலிருந்து ஹோட்டல் தப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அது திருட்டு வழக்கு, டென்ட் வழக்கு அல்ல. ஆனாலும் சாவியை வாங்கியவருக்குப் பொறுப்பு உண்டு என்று நீங்கள் தைரியமாகப் பேசலாம். சாவியைக் கொடுக்கும் முன் வண்டியைச் சுற்றி ஒரு முப்பது வினாடி வீடியோ எடுத்துவைத்தால் பேச்சு இன்னும் சீக்கிரம் முடியும்.

நிறுத்தும்போது கொஞ்சம் நடக்கத் தயாராக இருங்கள். லிஃப்ட் பக்கத்திலும் மண்டபத்து வாசலிலும்தான் அடி அதிகம். ஒரு பக்கம் தூண் இருக்கிற கடைசி இடம் கிடைத்தால், அந்தப் பக்கம் யார் கதவும் வராது. பின் சீட்டில் குழந்தைகள் இருந்தால் நீங்கள் முதலில் இறங்கிப் போய், கதவு விளிம்பில் கை வைத்துக்கொண்டு திறந்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்தவர் வண்டியில் குழி போடப்போவது உங்கள் கதவுதான்.

போன வருஷம் ஒருவர் வைப்பரில் சொருகியிருந்த சீட்டோடு வந்தார். "என் பையன் கதவைத் திறந்ததில் உங்கள் வண்டியில் பட்டுவிட்டது, மன்னிக்கவும்" என்று எழுதி, கீழே போன் நம்பர். கடையில் இருந்தே அந்த நம்பருக்குக் கூப்பிட்டோம். எவ்வளவு ஆகும் என்று என்னிடமே கேட்டார், நாற்பது நிமிட வேலை, 1,500 ரூபாய் என்றேன். வேலை முடியும் முன்பே யுபிஐயில் பணம் வந்துவிட்டது. வண்டிக்காரர் கிளம்பும்போது அந்தச் சீட்டை மடித்து டேஷ்போர்டு பெட்டிக்குள் ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துக்கொண்டார்.